கட்டியவர் யார், கட்டுவித்தவர் யார்? புளோரன்ஸ் மாளிகை ஒன்றைப் பழைய ஏடுகளில் தேடும் முறை

புளோரன்ஸ் நகரத்தில் பலாட்ஸோ ஸ்ட்ரோட்ஸி என்ற மாளிகை இருக்கிறது. அதை வடிவமைத்தவர் பெனெதெத்தோ தா மயானோ என்று, கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதினார். அவர் எழுதியது 1550-இல், அதாவது அஸ்திவாரம் போட்டு அறுபது ஆண்டுகள் கழித்து. மாளிகையைக் கட்டத் தொடங்கிய ஃபிலிப்போ ஸ்ட்ரோட்ஸி வைத்திருந்த கட்டுமானக் கணக்கைப் புரட்டினால், மர மாதிரி செய்ததற்காகக் கூலி வாங்கியவர் ஜூலியானோ தா சங்கால்லோ. வருடக்கணக்கில் வேலையை மேற்பார்த்துச் சம்பளம் வாங்கியவர் "குரோனகா" என்று பின்னாளில் பெயர்பெற்ற சிமோனே. மூன்று பெயர்களுக்கும் ஆதாரம் உண்டு. எந்த ஆதாரம் எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்று பிரித்தறிவதுதான் இந்த வேலையின் உயிர். அதைப் படிப்படியாகச் செய்வது எப்படி என்பதற்கு இந்த மாளிகையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். முறை அந்த நகரத்தின் 15-ஆம் நூற்றாண்டு மாளிகைகள் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் கட்டுவித்தவரைப் பிடியுங்கள்

புதிதாக வருபவர்கள் கட்டடக் கலைஞரின் பெயரோடு காப்பகத்துக்குப் போகிறார்கள். பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். காரணம் எளிது: ஏடுகளை எழுதி வைத்தவரும் பாதுகாத்தவரும் பணம் கொடுத்த குடும்பத்தார். கலைஞர் அந்தக் கணக்கில் கூலி வாங்கும் ஒரு பெயர், அவ்வளவே. ஆகவே குடும்பத்தைக் கண்டுபிடித்தால் கலைஞர் தானாக வருவார்.

கட்டடத்தையே முதல் ஆவணமாகப் படியுங்கள். முகப்பிலும் மூலைகளிலும் உள்ள குலச்சின்னங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பிறை ஸ்ட்ரோட்ஸி குடும்பத்தின் சின்னம். அதே நகரத்தின் ருச்செல்லாய் மாளிகையின் முகப்பில் காற்றில் விரிந்த பாய்மரமும் வைர மோதிரமும் உள்ளன. மோதிரம் மெடிச்சி குடும்பத்தின் அடையாளம். அந்த மாளிகையைக் கட்டுவித்த ஜொவான்னி ருச்செல்லாயின் மகன் பெர்னார்தோ, லொரென்ஸோ மெடிச்சியின் சகோதரி நன்னினாவை 1466-இல் மணந்தார். முகப்பின் காலத்தைக் கணிக்க இந்த மாதிரித் துப்புகள் உதவும். ஆனால் சின்னத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். வீடு கைமாறும்போது புதிய உரிமையாளர் தன் சின்னத்தைப் பதித்திருக்கலாம்.

பிறகு அந்த இடம் எந்த நிர்வாகப் பிரிவில் இருந்தது என்று பாருங்கள். நகரம் நான்கு கால்வட்டங்களாகவும், ஒவ்வொரு கால்வட்டமும் நான்கு "கொன்ஃபலோனே" வட்டாரங்களாகவும், ஆக 16 வட்டாரங்களாகப் பிரிந்திருந்தது. ஸ்ட்ரோட்ஸி, ருச்செல்லாய் இரு மாளிகைகளும் சாந்தா மரியா நொவெல்லா கால்வட்டத்தில், செஞ்சிங்க வட்டாரத்தில் வரும். வரி ஏடுகள் இந்த வட்டார வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. வட்டாரம் தெரியாமல் தேடப் புகுந்தால் நாட்கள் கரையும்.

வரி ஏடுகள்: மாளிகைக்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது

1427-இல் புளோரன்ஸ் அரசு "கதாஸ்தோ" என்ற சொத்து வரியைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தன் வீடு, நிலம், கடன், பங்கு, வீட்டிலுள்ள ஆட்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். நிலத்தின் வருமானத்தை 7 சதவீத வட்டியாகக் கருதி அதிலிருந்து மூலமதிப்பைக் கணக்கிட்டார்கள். ஒரு தலைக்கு 200 ஃபுளோரின் (தங்கக் காசு) கழிவு. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வரி இல்லை. இந்தக் கடைசி விதியை மறக்காதீர்கள். குடியிருக்கும் வீட்டை ஏட்டில் குறிப்பிடுவார்கள், ஆனால் எதிரே மதிப்பு இருக்காது. மதிப்பு இல்லை என்பதால் வீடு சின்னது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

கதாஸ்தோ பின்னர் 1430, 1433, 1442, 1446, 1451, 1457, 1469, 1480 ஆகிய ஆண்டுகளிலும் நடந்தது. கணக்கிடும் விதிகள் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல இருக்கவில்லை. 1495-இல் "தேசிமா" என்ற வரி வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வகை ஏடுகள்: வரிதாரர் எழுதிக் கொடுத்த "போர்தாத்தா", அதை அதிகாரிகள் சுத்தமாகப் படியெடுத்த "கம்பியோனே". படிக்கக் கம்பியோனே எளிது, அதில் தொடங்குங்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். வீடு வாங்கிய கதை, அண்டை வீட்டுக்காரருடனான தகராறு, கட்டி முடியாத சுவர் போன்ற விவரங்கள் போர்தாத்தாவில்தான் கிடைக்கும்.

ஒரே குடும்பத்தின் ஏடுகளை அடுத்தடுத்த சுற்றுகளில் எடுத்து, வீடுகளை மட்டும் ஒரு அட்டவணையாகப் போடுங்கள். 1427-இல் மூன்று தனி வீடு, 1457-இல் இரண்டு, அடுத்ததில் "நான் குடியிருக்கும் ஒரே வீடு" என்று மாறினால், இணைப்பு எந்தச் சுற்றுகளுக்கு இடையில் நடந்தது என்று தெரிந்துவிடும். ஜொவான்னி ருச்செல்லாய், எட்டு வீடுகளை ஒரே வீடாக ஆக்கியதாகத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய மாளிகை முகப்பின் வலது ஓரம் இன்றும் முடிவடையாமல் பிய்ந்த விளிம்போடு நிற்கிறது.

1427 கதாஸ்தோவின் சுருக்கத் தரவு இணையத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. பெயர் இருக்கிறதா, எந்த வட்டாரம் என்று பார்க்க அது போதும். வீட்டு விவரத்துக்கு மூல ஏட்டுக்குத்தான் போக வேண்டும்.

நான்கெல்லையும் நொத்தாரியும்

நம் ஊர்க் கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போலவே அங்கும் எழுதினார்கள்: முதல் எல்லை தெரு, இரண்டாவது இன்னார் வீடு, மூன்றாவது இன்னார், நான்காவது இன்னார். கட்டடக் கலைஞரைத் தேடும் ஆர்வத்தில் பலரும் எல்லையைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். எல்லையில் வரும் அண்டை வீட்டார் பெயர்களை அவரவர் வரி ஏட்டில் தேடினால், அவர்களுடைய எல்லையாக உங்கள் வீட்டுக்காரர் வருவார். இப்படி இருபக்கமும் பொருந்தினால் இடம் உறுதி. நான்கைந்து பத்திரங்களை இப்படிக் கோத்தால் மாளிகைக்கு முந்தைய தெருவின் வரைபடமே கையில் கிடைத்துவிடும்.

பத்திரங்கள் "நொத்தாரிலே அந்தேகொசிமியானோ" என்ற தொகுப்பில் உள்ளன. சிக்கல் என்னவென்றால், அவை இடவாரியாகவோ குடும்பவாரியாகவோ இல்லை. எழுதிய நொத்தாரியின், அதாவது பத்திரம் எழுதிச் சான்றளித்தவரின், பெயர்வாரியாக உள்ளன. நொத்தாரி யார் என்று தெரியாமல் உள்ளே நுழைய முடியாது. அதற்கு மூன்று வழிகள்: குடும்பக் கணக்கில் "சேர்" என்ற அடைமொழியோடு பணம் வாங்கியவரைப் பாருங்கள், நொத்தாரிகளுக்கு அந்த அடைமொழிதான் வழக்கம். ஒப்பந்தங்களுக்கு விதித்த வரியின் ஏடுகளான "கபெல்லா தெய் கொந்த்ராத்தி"யைப் பாருங்கள். இரண்டும் கைகொடுக்காவிட்டால், அதே வட்டாரத்தில் அந்தக் குடும்பத்தின் உறவினர்களுக்குப் பத்திரம் எழுதியவர் யார் என்று தேடுங்கள். பழகிய நொத்தாரியிடமே திரும்பத் திரும்பப் போவதுதான் இயல்பு. உயில்களைப் பல நொத்தாரிகள் தனிக் கட்டாக வைத்திருந்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உயில் மிக முக்கியம். ஃபிலிப்போ ஸ்ட்ரோட்ஸி 1489 ஆகஸ்டு 6 அன்று அஸ்திவாரக் கல் வைத்தார், 1491 மே மாதம் இறந்துவிட்டார். மாளிகை அப்போது தரையிலிருந்து எழும்பும் நிலையில்தான் இருந்தது. வாரிசுகள் அதைக் கட்டி முடிக்க வேண்டும் என்று உயிலில் கட்டாயப்படுத்தியிருந்தார். ஆகவே "கட்டுவித்தவர் ஃபிலிப்போ" என்று ஒற்றை வரியில் எழுதுவது பாதி உண்மை. பெரும்பகுதிப் பணத்தைச் செலவழித்தவர்கள் உயில் நிறைவேற்றாளர்களும், மூத்த தாரத்து மகன் அல்ஃபொன்ஸோவும், இளைய தாரம் செல்வாஜாவின் மகன்களும். தந்தை இறந்து பிள்ளைகள் சிறுவராக இருந்த குடும்பங்களுக்கு "பூபில்லி" என்ற சிறார் காப்பு நீதிமன்றத்தின் ஏடுகளையும் கட்டாயம் பாருங்கள். வேறெங்கும் இல்லாத வீட்டுச் சாமான் பட்டியலும் கடன் பட்டியலும் அங்கே இருக்கும்.

கணக்குப் புத்தகம்: வேலையின் மையம்

குடும்பக் கணக்குகள் தப்பிப் பிழைத்திருந்தால் நீங்கள் பாக்கியசாலி. ஸ்ட்ரோட்ஸி குடும்ப ஏடுகள் "கார்த்தே ஸ்ட்ரோட்ஸியானே" என்ற பெயரில் புளோரன்ஸ் அரசுக் காப்பகத்தில் உள்ளன. கட்டுமானத்துக்கென்றே தனிப் பேரேடு வைப்பது பெரிய வீடுகளில் வழக்கம். அதற்கு "முராலியா புத்தகம்" என்று பெயர், முராலியா என்றால் கட்டட வேலை.

புத்தகங்கள் ஒன்றோடொன்று பின்னியவை. பணப்பெட்டிக் குறிப்பேடு, நாளேடு, பேரேடு என்று அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அட்டையின் நிறமும் ஓர் எழுத்தும் அடையாளம்: "வெள்ளைப் புத்தகம் அ" என்பது போல. ஒரு பதிவின் கடைசியில் வேறு புத்தகத்தின் எழுத்தும் ஏட்டு எண்ணும் இருந்தால் அதை எழுதிக்கொண்டு அங்கே போங்கள். பேரேட்டில் "சுண்ணாம்புக்காக" என்று சுருக்கமாக இருப்பது, நாளேட்டில் எந்தக் காளவாய், எத்தனை வண்டி, எந்த நாள், யார் மூலம் என்று விரிந்து கிடக்கும்.

பற்று வரவைப் புரிந்துகொள்ளாமல் யாருடைய பெயரையும் குறிக்காதீர்கள். புத்தகத்தை விரித்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே ஏட்டு எண். இடது, அவர் "கொடுக்க வேண்டியது". வலது, அவர் "பெற வேண்டியது". காளவாய்க்காரருக்கு நீங்கள் பணம் கொடுத்தால் அது அவர் கணக்கில் இடப்பக்கம் ஏறும், ஏனென்றால் அந்த அளவுக்கு அவர் சரக்குத் தர வேண்டியவர் ஆகிறார். சரக்கு வந்ததும் வலப்பக்கம் ஏறும். இதைத் தலைகீழாகப் படித்தால், கூலி வாங்கிய கல்தச்சர் மாளிகைக்குக் கடன் கொடுத்தவராகத் தெரிவார்.

அடுத்தது பணம். இதில் தடுமாறாதவர் குறைவு, ஆகவே நிதானமாகப் பாருங்கள். அன்றாடக் கூலி வெள்ளிக் காசில்: 12 தெனாரி ஒரு சோல்தோ, 20 சோல்தி ஒரு லிரா. பெரிய தொகைகள் தங்க ஃபுளோரினில். இரண்டுக்கும் நிலையான விகிதம் கிடையாது. 1420-களில் ஒரு ஃபுளோரின் ஏறத்தாழ 4 லிரா. 1490-களில் ஏறத்தாழ ஆறரை லிரா. நூற்றாண்டு முடிவில் 7. இதற்குமேல் ஒரு பொறி: ஃபுளோரினையும் இருபதாகப் பிரித்து ஒவ்வொன்றையும் சோல்தோ என்றே அழைத்தார்கள், தங்கச் சோல்தோ. ஒரு கொத்தனாருக்கு நாளுக்கு 18 சோல்தி வீதம் 5 நாள் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக் கணக்கில் 90 சோல்தி, அதாவது 4 லிரா 10 சோல்தி. அது ஒரு ஃபுளோரின்கூட இல்லை. அதே 90-ஐத் தங்கச் சோல்தியாகப் படித்தால் நாலரை ஃபுளோரின். ஆறரை மடங்கு வித்தியாசம்! பக்கத்தின் தலைப்பிலோ பத்தியின் மேலோ "பிச்சொலி" என்று இருந்தால் வெள்ளி, "ஓரோ" என்று இருந்தால் தங்கம். ஃபுளோரினிலும் "லார்கோ" என்ற பெரியதும் "சுஜெல்லோ" என்ற கணக்கு ஃபுளோரினும் உண்டு. 1470-களில் லார்கோ சுமார் 20 சதவீதம் கூடுதல் மதிப்பு. எந்த ஃபுளோரின் என்று குறிக்காமல் கூட்டிய தொகை எதற்கும் உதவாது.

ஒரு சரிபார்ப்பு வழி சொல்கிறோம். 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சித்தாள் கூலி நாளுக்கு 8 முதல் 10 சோல்தி, தேர்ந்த கொத்தனார் கூலி 15 முதல் 20 சோல்தி என்ற அளவில் இருந்தது. உங்கள் கணக்கில் சித்தாளுக்கு நாளுக்கு 60 வந்தால் எங்கோ தவறு. ஆண்டுக்கூலி கணிக்கும்போது 300 நாளால் பெருக்காதீர்கள். திருநாள்களும் மழையும் போகச் சுமார் 260, 270 நாள்தான் வேலை.

அளவு, பிராச்சோ என்னும் முழக்கணக்கு: 58.36 செண்டிமீட்டர். செதுக்கிய கல்லை இதில் அளந்து விலை போட்டார்கள். செங்கல் ஆயிரக்கணக்கில், சுண்ணாம்பு மொஜ்ஜோ என்ற கொள்ளளவில். தானியத்துக்குரிய மொஜ்ஜோவைச் சுண்ணாம்புக்கு அப்படியே போட்டுவிடாதீர்கள்.

ஆட்களின் பெயர்

அக்காலத் தொழிலாளிக்குக் குடும்பப் பெயர் அரிது. தன் பெயர், தந்தை பெயர், சில சமயம் பாட்டன் பெயர், பிறகு ஊர் அல்லது தொழில். குரோனகா என்ற பெயரைத் தேடிப் பேரேட்டைப் புரட்டிப் பயனில்லை. "தொம்மாஸோ மகன் சிமோனே" என்று தேட வேண்டும். குரோனகா பட்டப்பெயர், ரோமாபுரியின் இடிபாடுகளைப் பற்றி ஓயாமல் விவரித்ததால் வந்ததாம். மாளிகையின் புகழ்பெற்ற இரும்பு விளக்குகளைச் செய்த கொல்லர் நிக்கொலோ குரோஸ்ஸோவுக்குக் "கப்பார்ரா" என்று பட்டம், அதாவது அச்சாரம். அச்சாரம் வாங்காமல் வேலையில் கைவைக்க மாட்டாராம். இரண்டு விளக்கமும் வசாரி தருபவை. இனிமையானவை, ஆனால் கணக்கேட்டில் தேடுவதற்குத் தந்தை பெயர்தான் வேண்டும்.

தொழில் பெயரையும் கவனியுங்கள். சுவர் எழுப்பும் கொத்தனார் வேறு, கல் செதுக்கும் "ஸ்கார்பெல்லினோ" வேறு, தச்சர் வேறு, மணல் அள்ளும் "ரெனாயோலோ" வேறு. செலவு எழுதும் "புரொவெதித்தோரே" கணக்குப்பிள்ளை. அவரைக் கலைஞராக எண்ணிவிடக் கூடாது. ஒரே பெயரில் இருவர் இருப்பது சாதாரணம். கல் மர மேஸ்திரிகளின் சங்க ஏடு, பேராலயக் கட்டுமான அலுவலகமான "ஓபெரா தெல் துவோமோ"வின் ஏடு ஆகியவற்றோடு ஒப்பிட்டால் பிரிக்க முடியும். ஓபெராவின் 1417 முதல் 1436 வரையான ஏடுகள் இணையத்தில் தேடக்கூடிய வடிவில் உள்ளன. நகரத்தின் ஞானஸ்நானப் பதிவேடுகள் 1450-இலிருந்து எஞ்சியுள்ளன. அதற்குப் பிறகு பிறந்த எவரின் வயதையும் அதில் சரிபார்க்கலாம்.

பெயர் கிடைத்தபின் வினைச்சொல்லைப் படியுங்கள். மாதிரி செய்ததற்கு, கல் வெட்டியதற்கு, மேற்பார்த்ததற்கு, வரைந்ததற்கு என்று எதற்காகப் பணம் என்பதே முக்கியம். மர மாதிரிக்குக் கூலி வாங்கினார் என்றால் மாதிரியைச் செய்தார் என்று பொருள். அந்த வடிவம் அவர் மனத்தில் உதித்ததா, வேறொருவர் சொன்னதைச் செய்தாரா என்பதை அந்த வரி சொல்லாது. ஸ்ட்ரோட்ஸி மாளிகை விஷயத்தில் கறாராக எழுதத்தக்கது இவ்வளவே: மாதிரி ஜூலியானோ செய்தது, 1490 முதல் வேலைத்தள மேற்பார்வை குரோனகா, பெனெதெத்தோவின் பெயரை முன்வைப்பவர் வசாரி.

எழுத்தும் தேதியும்

வணிகர்கள் "மெர்கன்தேஸ்கா" என்ற வளைந்து பின்னிய கையெழுத்தில் உள்ளூர் மொழியில் எழுதினார்கள். நொத்தாரிகள் லத்தீனில், வேறு கையெழுத்தில். இரண்டையும் ஒரே சமயத்தில் பழகாதீர்கள். வணிகக் கையெழுத்தில் தொடங்குங்கள், ஏனென்றால் அதே சொற்கள் வாராவாரம் திரும்ப வரும். அச்சில் வெளிவந்த ஒரு பக்கத்தையும் அதன் மூலப் படத்தையும் அருகருகே வைத்து, நாளுக்கு ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். "க" ஒலிக்கு எல்லா இடத்திலும் ஒரு "எச்" எழுத்தைச் சேர்த்து எழுதுவது புளோரன்ஸ் அமைந்த தொஸ்கானா பகுதியின் வழக்கம். காஸா (வீடு), கல்சினா (சுண்ணாம்பு) போன்ற சொற்களை இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் சிக்காது. தொகைகள் ரோமன் எண்ணில் வரும், கடைசி ஒன்று நீண்ட வாலோடு இருக்கும்.

தேதியில் ஒரு கண்ணி. புளோரன்ஸில் புத்தாண்டு மார்ச் 25. ஏட்டில் 1489 பிப்ரவரி 12 என்று இருந்தால் நம் கணக்கில் அது 1490. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை வரும் எல்லாத் தேதிக்கும் ஓர் ஆண்டு கூட்டுங்கள். குறிப்பில் 1489/90 என்று இரண்டையும் எழுதுங்கள். இந்த வழக்கம் 1750 வரை நீடித்தது. பீசா நகரத்திலும் மார்ச் 25-தான், ஆனால் ஓர் ஆண்டு முன்னதாக; அங்கே எழுதிய பத்திரம் கைக்கு வந்தால் தனியாகக் கணக்கிடுங்கள். மாதிரிக்குப் பணம் கொடுத்தது அஸ்திவாரத்துக்கு முன்னா பின்னா என்ற கேள்வியே இந்த ஒரு திருத்தத்தில் தலைகீழாகிவிடும்.

வெளிச் சாட்சிகள்

கணக்கேடு சொல்லாததை அண்டை அயலார் சொல்வார்கள். மாளிகைக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்த லூகா லந்தூச்சி, 1489 கோடையில் பழைய வீடுகளை இடித்ததையும், தூசியும் கழுதைகளும் வண்டிகளுமாகத் தெரு நிறைந்ததையும் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதே ஆண்டு மே மாதம், வெற்றிடத்தில் புது வீடு கட்டுபவருக்கு 40 ஆண்டு வரிவிலக்கு என்ற சட்டம் வந்ததையும் குறித்திருக்கிறார். திரிபால்தோ தெ ரோஸ்ஸி என்பவர் அஸ்திவார நாளன்று தன் பிள்ளைகளை அழைத்துவந்து குழிக்குள் ஒரு காசும் ரோஜாப்பூக்களும் போட்டதை எழுதி வைத்திருக்கிறார். படிக்கும்போது நெஞ்சு நிறையும் வரிகள். எனினும் இவர்கள் தெருவில் நின்று பார்த்தவர்கள். தேதிக்கும் தெருக் காட்சிக்கும் இவர்களை நம்பலாம். செலவுத் தொகை, கலைஞர் பெயர் இரண்டுக்கும் பேரேடே சாட்சி.

காப்பகத்தில்

அரசுக் காப்பகம் இப்போது ஜோவினே இத்தாலியா சாலையில் உள்ளது. முன்பு உஃபீட்ஸி கட்டடத்தில் இருந்தது. பழைய ஆய்வுகளில் வரும் இடக்குறிப்பு மாறியிருக்கக்கூடும், குறிப்பாக நொத்தாரி ஏடுகளின் பழைய எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு புது எண்ணாக மாற்றப்பட்டிருக்கிறது. மாற்று அட்டவணையை வாசக அறையில் கேளுங்கள். 1966 வெள்ளத்தில் நனைந்த தொகுதிகளும் உண்டு, எல்லாமே கைக்குக் கிடைக்கும் என்று எண்ணிப் பயணத் தேதி போடாதீர்கள். கடவுச்சீட்டு வேண்டும், பென்சில் மட்டுமே அனுமதி. 2017 முதல் சொந்தக் கருவியால் ஆய்வுக்காகப் படமெடுக்கக் கட்டணமில்லை. ஃபிளாஷ், முக்காலி கூடாது. ஒவ்வொரு தொகுதியையும் படமெடுக்கும்போது முதலில் முதுகுச் சீட்டையும் அட்டையையும் எடுங்கள், பிறகு ஏட்டு எண் தெரியும்படி பக்கத்தை எடுங்கள். எண் இல்லாத படம் ஆறு மாதம் கழித்து யாருடைய கணக்கு என்று தெரியாமல் போகும்.

குறிப்பெடுக்கும் தாளில் தொகுப்பின் பெயர், தொடர், தொகுதி எண், ஏட்டு எண், முன்பக்கமா பின்பக்கமா என்பது, ஏட்டிலுள்ள தேதி, திருத்திய தேதி, மூலச் சொற்கள், உங்கள் பொருள் என்று தனித்தனியாக எழுதுங்கள். வாசிக்க முடியாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல் சதுர அடைப்புக்குள் மூன்று புள்ளி வையுங்கள். நூறு பக்கம் தாண்டி அதே கை அதே சொல்லைத் தெளிவாக எழுதியிருக்கும். அப்போது திரும்பி வந்து நிரப்பிக்கொள்ளலாம்.